பள்ளி நூலகத்துக்குப் பணம் கொடுக்கும் முன்: சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்காக முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து 50,000 ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். அதை நூலகத்துக்குக் கொடுக்கலாமா, கணினி வாங்கிக் கொடுக்கலாமா என்பதில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வீட்டுக்கு வீடு செல்போன் வந்துவிட்ட காலத்தில், பத்தாம் வகுப்பு வரை இருக்கிற ஒரு பள்ளிக்கு நூலகத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்கள்.

நான் டெல்டா பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். 2012 ஜூனிலிருந்து ஓய்வுபெறும் வரை, 12 ஆண்டுகள், நூலகப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இப்படித்தான். நூலகர் என்று தனியாக ஆள் கிடையாது. யாராவது ஓர் ஆசிரியர் கூடுதல் வேலையாகப் பார்த்துக்கொள்வார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நூலகத்துக்கே கொடுங்கள். ஆனால் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் பள்ளியில் புத்தகம் இல்லாமல் இருக்காது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே, எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் நூலக நிதிக்கும் இடம் இருக்கிறது. அதனால் புத்தகம் இருக்கும். எங்கே இருக்கும் என்பதுதான் சிக்கல். நான் பொறுப்பேற்ற அன்று என் கையில் கொடுத்தது ஒரு சாவிக்கொத்தும் ஓர் இருப்புப் பதிவேடும். அறிவியல் ஆய்வகத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி மூன்று இரும்பு பீரோக்கள். உள்ளே ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புத்தகங்கள். பாதிக்கு மேல் முதுகுகூட மடங்காமல் புத்தம் புதிதாக இருந்தன, சில பத்து வருடப் பழசு என்றாலும். எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர், புத்தகம் படிக்கிறவர். அவர் சொன்ன ஒரே அறிவுரை: "சார், யாருக்கும் கொடுத்துராதீங்க. ஒண்ணு குறைஞ்சாலும் ரிட்டயர் ஆகும்போது உங்க கணக்குலதான் பிடிப்பாங்க."

இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் பள்ளி நூலகத்தைப் பற்றிப் பேசவே முடியாது. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், நாற்காலி மேசை மாதிரி அதுவும் பள்ளியின் சொத்து. தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கேட்பவர் யாருமில்லை. பூட்டியே வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வராது, திறந்தால்தான் வரும். பூட்டு இப்படித்தான் விழுகிறது. முதல் வருடம் முழுக்க நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகங்களை நான் கொடுக்கவே இல்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் முதலில் கணக்கு ஆசிரியர்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போய், இந்திய நூலகத் துறைக்கே முன்னோடி ஆனார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டிவைத்திருந்த கதையிலிருந்து தொடங்குகிறார். நம் பள்ளிகளில் அந்தச் சங்கிலி கோத்ரெஜ் பூட்டாக இருக்கிறது.

சரி, பயத்துக்கு என்ன வழி? மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல் 215-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த, அல்லது எடுத்துப் பார்த்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், அதில் மோசடியோ கவனக்குறைவோ இல்லாத பட்சத்தில், அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகம் தொலைந்தாலோ அரிய நூல் தொலைந்தாலோதான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசின் பள்ளியை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் காட்டிப் பேச அது ஒரு பிடி. அதன் நகலை வைத்துக்கொண்டுதான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம்: இத்தனை வரைக்கும் தொலையலாம், கிழியலாம், வருடக் கடைசியில் குழு பார்த்துக் கையெழுத்திடும், ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத் தீர்மானம் எங்களுக்கு ஆயிரம் புத்தகம் வாங்கிக் கொடுத்ததற்குச் சமம். முன்னாள் மாணவர்களாக நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான். அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள், ஆசிரியர் பக்கம் பேசுங்கள்.

திறந்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது காலை எட்டு மணி. எங்கள் பள்ளிக்கு நாலைந்து கிராமங்களிலிருந்து பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வருவார்கள். ஏழரைக்கு வருகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அதனால் முப்பது நாற்பது பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து, பள்ளி கூடும் வரை வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அறையை எட்டு மணிக்குத் திறந்து நாலு கோரைப்பாய் விரித்துப் போட்டதும் அந்தக் கூட்டம் அப்படியே உள்ளே வந்துவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வருகிறவர்கள் வேறு மாதிரி. விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன், வேறு பள்ளியிலிருந்து மாறி வந்து இன்னும் கூட்டாளி கிடைக்காத பெண், வயிற்று வலியோடு வெயிலில் நிற்க முடியாத பெண்பிள்ளைகள். இவர்கள் எல்லாரும் படிக்கத்தான் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். "ஏன் இங்க வந்த?" என்று யாரும் கேட்காத ஓர் அறை பள்ளியில் இருந்தது, அவ்வளவுதான். அது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அங்கே மதிப்பெண் கிடையாது என்பதால் பிள்ளைகள் பேசவும் செய்வார்கள். ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எடுத்த புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த மாசம் நான் வரமாட்டேன் சார், இப்பவே குடுத்துடறேன்" என்றாள். ஏன் என்று கேட்டபோது, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்றாள். தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் தகவல் சொன்னோம். அவள் பொதுத்தேர்வு எழுதினாள். வகுப்பறையில் அறுபது பேருக்கு நடுவில் அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். இரவல் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற அந்த அரை நிமிடத்தில் சொன்னாள்.

படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் நாலைந்து பேராவது எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அது தெரியும், கூச்சம் அதிகம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவமானப்பட்டு அடுத்த நாள் வரவே மாட்டார்கள். எங்களிடம் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனிடம், "வெள்ளிக்கிழமை மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க ஆள் வேணும், நீ வாசிக்கிறியா?" என்று கேட்டேன். பதினாறு பக்கப் படப் புத்தகம், பக்கத்துக்கு இரண்டு வரி. சின்னப் பிள்ளைகளுக்காக என்பதால் அதைக் கையில் வைத்திருப்பதில் அவனுக்கு வெட்கம் இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய அசையப் பழகுவான். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று வாசிப்பான். குரங்கு வரும் இடத்தில் குரலை மாற்றுவான். ஜூலையில் தொடங்கினோம். பொங்கல் விடுமுறைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை வாசித்துவிட்டான். பத்தாம் வகுப்பில் பெரிய மதிப்பெண் எடுக்கவில்லை. ஆனால் பள்ளியில் நடந்த கணக்குத் தேர்வில் வாக்கியக் கணக்கை யாரும் படித்துக் காட்டாமல் தானே படித்துப் போட்டான். அந்த விடைத்தாளைத் திருத்தியவன் நான்.

2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் இந்த வேலையை இன்னும் எளிதாக்கின. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள். எந்த வகுப்பு என்று அட்டையில் போடாததே பாதி வெற்றி. உங்கள் பள்ளியிலும் அவை இருக்கும். பீரோவில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு, உதவித்தொகை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வினாத்தாள் கட்டு, அகராதி, நிலப்படம் எல்லாம் எந்த நூலகத்திலும் வைக்க வேண்டியவைதான். அதைவிட முக்கியம் ஓர் அறிவிப்புப் பலகை. எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வானால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் கிடைக்கும். எழுதத் தகுதி இருந்தும் கடைசித் தேதி தெரியாமல் விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. நூலகத்தில் கடைசித் தேதியைப் பெரிதாக எழுதிப் போட்டு, பழைய வினாத்தாளையும் பக்கத்தில் வைத்தால், தினமும் வந்து போகிற பிள்ளைகள் மூலமாகவே செய்தி பரவிவிடும். ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருந்தால் விண்ணப்பத்துக்காக அப்பா ஒரு நாள் கூலியை விட்டு இன்டர்நெட் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை. கணினி வேண்டும் என்று சொல்லும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஒன்று போதும், அதுவும் நூலகத்துக்குள் இருக்கட்டும்.

ஊருக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு மஞ்சள் கறையிலிருந்து. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தடித் தடியான நாவல்களாக எடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாளில் திருப்பிக் கொடுப்பாள். கதை என்ன என்று கேட்டால் தெரியாது. ஒரு புத்தகத்தின் நடுவில் விரல் அளவு மஞ்சள் கறை, இரண்டு பக்கத்துக்கு இடையில் ஒரு கறிவேப்பிலை. அதைக் காட்டிக் கேட்டபோதுதான் சொன்னாள், "அம்மாதான் சார் படிக்கிறாங்க, அடுப்புகிட்ட உக்காந்து." எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அந்த அம்மா. அதன் பிறகு கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டாவதாக ஒரு வீட்டு அட்டை கொடுத்தோம். அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அக்காவுக்கோ அதில் எடுக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள், புத்தகம் மாற்றுவதற்காக வரத் தொடங்கினார்கள். பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லாமல் அவர்களோடு ஆசிரியர்கள் பேசியது அப்போதுதான்.

இன்னொன்று, பிள்ளைகளே புத்தகம் தயாரித்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னோம்: அந்தக் காலத்தில் என்ன நெல் விதைத்தீர்கள், ஊரில் எத்தனை குளம், அவற்றுக்கு என்ன பெயர். மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை, காட்டுயானம், கருங்குறுவை என்று நாற்பது பக்கம் வந்தது. எந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டினார்கள், எதில் குடிதண்ணீர் எடுத்தார்கள், யாரை எதில் இறங்க விடவில்லை என்பதும் வந்தது. எதையும் நீக்காமல் தைத்து, அட்டை போட்டு, மற்ற நூல்களைப் போலவே எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினோம். எழுதியவர் என்ற இடத்தில் பிள்ளைகளின் பெயர்கள், சொன்னவர் என்ற இடத்தில் பாட்டிகளின் பெயர்கள். தன் பெயரைத் தடவிப் பார்க்க ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி தன்னுடையது என்று பேத்தியிடம் கேட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நூலகமும் மூடிவிட்டது. சில மாதம் கழித்து, ஊருக்கு ஒரு பை, பைக்கு இருபது புத்தகம் என்று கட்டிக் கிராமங்களுக்கு அனுப்பினோம். இதற்கெல்லாம் எங்கள் பகுதியில் முன்னோர் இருக்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் 1931-லேயே மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியவர். எங்கள் பையில் ஒரு தவறு செய்துவிட்டோம். ஒவ்வொரு ஊரிலும் பொறுப்பான ஒரு மாணவர் வீட்டில் பையை வைத்தோம். மூன்று ஊர்களில் பதிவேட்டைப் பார்த்தால் ஒரே தெருப் பிள்ளைகளின் பெயர்தான் இருந்தது. பை ஊர்த்தெருவில் இருந்தால் காலனிப் பிள்ளைகள் வரவில்லை. காலனியில் இருந்தால் ஊர்த்தெருப் பிள்ளைகளை வீட்டில் விடவில்லை. வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள்தான் இவர்கள். கோயில் மண்டபம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கேயும் அதே சிக்கல்தான். கடைசியில் பேருந்து நிழற்குடையில் வைப்பது என்று முடிவானது. எல்லாரும் பஸ் ஏற வருகிற இடம், யாருடைய வீடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், இரண்டு தெருவிலிருந்தும் ஆளுக்கொரு மாணவர் பொறுப்பு. அப்புறம்தான் பதிவேட்டில் எல்லாப் பெயரும் வந்தது. நூலகம் ஒரு சமூகத்தை உருவாக்கும் என்று எழுதுவது சுலபம். எங்கே வைக்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்காவிட்டால் ஏற்கெனவே இருக்கிற பிரிவினையை அதுவும் அப்படியே காப்பாற்றும்.

செல்போன் கேள்விக்கு வருகிறேன். போன் வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் வந்ததும் அண்ணன் கையில். ஒன்பதாம் வகுப்புப் பெண் கையில் கடைசியாக வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். இதை விட்டாலும், போனில் வருகிற செய்தி உண்மையா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பதற்கும் இடம் வேண்டுமே. மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் பலகையில் எழுதிப் போட்டு, இதை யார் சொன்னது, எப்போது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று பிள்ளைகளைத் தேட விடுவோம். செய்தித்தாளும் கலைக்களஞ்சியமும் அந்த ஒரே கணினியும் பக்கத்திலேயே இருக்கும். புத்தகத்துக்கும் போனுக்கும் சண்டை மூட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

இனி உங்கள் 50,000 ரூபாய். பூட்டில்லாத, நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாத திறந்த அலமாரிகள் இரண்டு மூன்று ஊர்த் தச்சரிடம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு டியூப் லைட், ஒரு மின்விசிறி, பாய்கள். கணினியும் பிரிண்டரும் இந்தப் பணத்தில் வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை இந்த அறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மிச்சத்தில் புத்தகம். அதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். இப்போது எல்லா மாவட்டத்திலும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்துப் பள்ளிக்காக வாங்கச் சொல்லுங்கள். பேய்க் கதை வாங்குவார்கள், கிரிக்கெட் வாங்குவார்கள், வாங்கட்டும். தாங்கள் வாங்கிய புத்தகத்தை அவர்களே பத்துப் பேரைப் படிக்க வைப்பார்கள். ஒரே புத்தகத்தில் நான்கு பிரதி வாங்கத் தயங்காதீர்கள். இரண்டு பேர் ஒரே கதையை ஒரே வாரத்தில் படித்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும். வீட்டில் கிடக்கிற பழைய கைடுகளையும் காலாவதியான போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் நன்கொடையாகக் கொண்டு வந்து கொட்டாதீர்கள். அவற்றைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பதிவேடு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஐந்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், கிழிந்ததைத் தைக்க, தொலைந்ததை மறுபடி வாங்க.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போங்கள். நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து, எந்த நேரம் திறந்தால் அவருக்குத் தோதுப்படும், அவர் வராத நாளில் யார் திறப்பார்கள் என்று பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து, அதே நேரத்தில், சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கதவு திறந்திருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள்.